ருபார்ப்பும் எங்க கிணத்தடி சுக்காங்கீரையும்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி மாசம். அண்ணா நகர்லேர்ந்து மாசம் ரெண்டு தடவை எங்ககிட்ட கீரை வாங்க வர்ற ஒரு டீச்சரம்மா, கையில ஒரு சின்ன பொட்டலத்தோட வந்தாங்க. "தம்பி, என் பொண்ணு இங்கிலாந்துல லீட்ஸ்ல இருக்கா. அங்க ருபார்ப்னு ஒரு தண்டு கிடைக்குதாம். அதுல ஜாம், இனிப்பு எல்லாம் பண்ணி போட்டோ அனுப்புறா. நான் ஆன்லைன்ல விதை வாங்கிட்டேன். மாடியில தொட்டி வெயில்ல காயுது. உங்க நிலத்துல ஒரு ஓரமா போட்டுப் பாருங்களேன்"னாங்க.

எங்க ஊரு திருமழிசைக்கு மேற்கே, நேமம் ஏரிப் பக்கம். இங்க எது போட்டாலும் வரும்னு ஒரு நம்பிக்கை அவங்களுக்கு. எனக்கும் ஆசைதான். கிணத்துக்குக் கிழக்கே, முருங்கை நிழல் விழுற இடமாப் பார்த்து ஒரு பாத்தி கட்டி, தொழுவுரம் போட்டு 20 விதை ஊனினேன். 9 முளைச்சது. மார்கழிப் பனியில நல்லாத்தான் இருந்துச்சு. தை பொறந்தப்ப இலை சேம்பிலை மாதிரி விரிஞ்சுது. மாசி கடைசியில தண்டு சுண்டுவிரல் தடிமன். அதுக்கு மேல ஏறல. பங்குனி வெயில் தொட்டதும் இலை ஓரம் கருகி, சித்திரை பொறக்கறதுக்குள்ள 9-ம் படுத்துடுச்சு.

கருகுறதுக்கு முன்னாடி ஏழு தண்டு ஒடிச்சேன். டீச்சரம்மா சொல்லியிருந்தாங்க, இலையைத் தின்னக்கூடாது, விஷம், தண்டு மட்டும்தான்னு. இலையைக் கிள்ளி எறிஞ்சுட்டு அம்மாகிட்ட கொடுத்தேன். அம்மா ஒரு துண்டை வாயில போட்டு மென்னாங்க. கண்ணைச் சுருக்கினாங்க.

"அட, நம்ம சுக்காங்கீரைத் தண்டுடா இது. இதுக்கா இம்மாம் பாடு?"

நான் சிரிச்சேன். ராத்திரி உக்காந்து படிச்சுப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது, அம்மா சொன்னது ருசிக்கு மட்டும் இல்ல, உறவுக்கும் பொருந்தும்னு. ருபார்ப்பும் சுக்காங்கீரையும் தாவரவியல்ல ஒரே குடும்பம். நாக்கைச் சுண்டுற புளிப்பும் ஒரே புளிப்பு. ரெண்டுலயும் ஆக்ஸாலிக் அமிலம் இருக்கு. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளைன்னு வெச்சுக்கலாம். ஆனா ஒருத்தன் ராஜாக்களோட புழங்கினவன். இன்னொருத்தன் எங்க ஆயாவோட கூடையிலேயே இருந்துட்டான்.

முதல்ல ராஜாகூடப் புழங்கினவன் கதை.

ருபார்ப்பை ஆரம்பத்துல யாரும் சமையலுக்கு வளர்க்கல. வேருக்காகத்தான். சீனாவோட மேற்கு மலைகள்லயும் திபெத் பக்கமும் விளையுற கிழங்கு. காய வெச்சா மஞ்சள் நிறம். வயித்தைக் கழுவி விடுற மருந்து. மார்க்கோ போலோ அந்த மலைகள்ல இது ஏராளமா விளையுறதையும், வியாபாரிங்க வாங்கி உலகம் பூரா கொண்டுபோறதையும் எழுதி வெச்சிருக்காரு. பாரசீகத்துல இதுக்கு ரேவந்த். சீனாவுலேர்ந்து வந்ததால ரேவந்த் சீனி. இன்னைக்கும் யுனானி மருந்துக்கடையில அந்தப் பேரைச் சொன்னா எடுத்துத் தருவாங்க. (நம்ம காப்பியில போடுற சீனிக்கும் சீனாவை வெச்சுத்தான் பேரு. அந்தச் சீனி இந்தக் கதைக்குள்ள அப்புறம் வரும்.)

மலச்சிக்கல் மருந்துதானேன்னு லேசா நினைச்சுடாதீங்க. 1727-ல ரஷ்யாவும் சீனாவும் கியாக்தா ஒப்பந்தம் போட்டு எல்லையில ஒரு வியாபார ஊரை உண்டாக்கினாங்க. அந்த வழியா வந்த ருபார்ப்பை ரஷ்ய அரசாங்கமே வாங்கி வித்துச்சு. அதுக்குன்னு மருந்து தெரிஞ்ச அதிகாரியை உக்கார வெச்சு, ஒவ்வொரு கிழங்கா ஓட்டை போட்டுப் பார்த்து, பூச்சி அரிச்சதைத் தள்ளி, எரிச்சே விடுவாங்களாம். கோயம்பேட்டுல கீரைக்கட்டைப் பிரிச்சு உள்ள ஒரு பழுத்த இலை இருந்தா மொத்தக் கூடையையும் தள்ளுற வியாபாரி ஞாபகம்தான் எனக்கு வந்துச்சு. துருக்கி வழியா போனதுக்கு இங்கிலாந்துல துருக்கி ருபார்ப்னு பேரு. காண்டன் துறைமுகத்துலேர்ந்து கம்பெனிக் கப்பல்ல போனதுக்கு ஈஸ்ட் இந்தியா ருபார்ப்னு பேரு. எடின்பரோ டாக்டர் கிரிகரி பேர்ல ஒரு சூரணமே இருந்துச்சு. ருபார்ப், மக்னீசியா, இஞ்சி. வெள்ளைக்கார வீடுகள்ல பிள்ளைகளை மூக்கைப் பிடிச்சு குடிக்க வெச்ச மருந்து. நம்ம வீட்டு விளக்கெண்ணெய் மாதிரி.

1839-ல சீனாவுல அபினி வியாபாரத்தை ஒழிக்க வந்த அதிகாரி லின் ட்சேஷு. தேயிலையும் ருபார்ப்பும் இல்லாம வெள்ளைக்காரன் ஒரு நாளும் தாங்க மாட்டான், அதை நிறுத்தினா வழிக்கு வந்துடுவான்னு அவரு கணக்குப் போட்டாரு. விக்டோரியா ராணிக்கு எழுதின கடிதத்துலயும் அதைச் சொன்னாரு. வெள்ளைக்காரன் வயித்தைப் பத்தி அவங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. நடந்தது வேற. கப்பல்படை போச்சு. அந்தப் படையில நம்ம ஆளுங்களும் இருந்தாங்க. 37-வது மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. 1841 மே மாசக் கடைசியில காண்டன் பக்கத்துல சான்யுவான்லி கிராமத்துல பேய்மழை. வயல் வரப்புல வழி தப்பின ஒரு கம்பெனிக்கு மருந்து நனைஞ்சு துப்பாக்கி வெடிக்கல. சுத்தி ஆயிரக்கணக்குல விவசாயிங்க, கையில ஈட்டி, மண்வெட்டி. சிப்பாய்ங்க சதுரமா நின்னு பயனெட்டை நீட்டிக்கிட்டு, உதவி வர்ற வரைக்கும் தாக்குப் பிடிச்சாங்க. நெல்லு வயல்ல பொறந்தவன், நெல்லு வயல் சேத்துல, இன்னொரு நெல்லு விவசாயிக்கு எதிரா. இதை ஏன் பள்ளிக்கூடத்துல சொல்லலன்னு எனக்கு ஒரு ஆதங்கம்.

சரி, தண்டுக்கு வருவோம். தண்டைத் தின்னுற பழக்கம் இங்கிலாந்துல ரொம்பப் பிந்தி வந்தது. லண்டன் பக்கம் டெப்ட்ஃபோர்டுல ஜோசப் மயாட்னு ஒரு தோட்டக்காரர். 1810-க்குக் கிட்டத்துல தன் ரெண்டு பசங்ககிட்ட 5 கட்டு ருபார்ப் கொடுத்து பரோ மார்க்கெட்டுக்கு அனுப்பினாராம். 3 கட்டுதான் வித்துச்சு. என்னடா இந்தப் புளிப்புத் தண்டுன்னு சிரிச்சிருப்பாங்க. மனுஷன் அடுத்த வாட்டியும் அனுப்பினாரு. கடைசியில ராணி பட்டம் ஏறின 1837-ல விக்டோரியான்னு ஒரு ரகமே அவரு விட்டாரு. இன்னைக்கும் அது இருக்கு. கீரை விக்கிற எனக்கு இந்த வரலாறு பூராவுலயும் பிடிச்ச ஆளு இவர்தான். மீதி 2 கட்டு என்ன ஆச்சுன்னுதான் தெரிஞ்சுக்கணும் போல இருக்கு. எங்க வீட்டுல மீந்த கட்டு மாட்டுக்குப் போகும்.

1817 வாக்குல லண்டன் செல்சி மருந்துத் தோட்டத்துல, குளிர்காலத்துல ருபார்ப் மூட்டு மேல தவறி மண்ணைக் கொட்டிட்டாங்க. சில வாரம் கழிச்சு அள்ளிப் பார்த்தா உள்ளே இளஞ்சிவப்பா, நார் இல்லாம, புளிப்பு அடங்கின தண்டு. வெளிச்சம் படாம வளர்த்தா இப்படி வரும்னு அப்பத்தான் புரிஞ்சுது. இதை ஒரு தொழிலாவே ஆக்கினது யார்க்‌ஷயர்காரங்க. டீச்சரம்மா பொண்ணு இருக்குற லீட்ஸ், பக்கத்துல வேக்ஃபீல்டு, மோர்லி. ரெண்டு வருஷம் தண்டு ஒடிக்காம வயல்ல விட்டு மூட்டைப் பெருக்க வைக்கிறாங்க. பனி அடிச்சதும் தோண்டி, ஜன்னல் இல்லாத நீளக் கொட்டகையில நெருக்கி வெச்சு, சூடேத்துறாங்க. இருட்டுல மொட்டு விரியுற சத்தம் காதுல கேக்குமாம். அறுவடை மெழுகுவத்தி வெளிச்சத்துல. கம்பளி மில்லுக் கழிவுதான் அங்க உரம். குளிர்கால ராத்திரியில ருபார்ப் எக்ஸ்பிரஸ்னு ஒரு ரயில் அந்தத் தண்டையே சுமந்துக்கிட்டு லண்டனுக்கு ஓடிச்சு, 1960-கள் வரைக்கும்.

இம்புட்டுப் புளிப்பை அவன் எப்படித் தின்னான்? சர்க்கரை. சர்க்கரை விலை இறங்க இறங்கத்தான் ருபார்ப் ஏழை வீட்டு அடுப்புக்கும் வந்துச்சு. அந்தச் சர்க்கரை கரும்புத் தீவுகள்லேர்ந்து போனது. 1834-க்கு அப்புறம் மொரீஷியஸ் கரும்புக் காட்டுக்கு கூலியாப் போனவங்கள்ல நம்ம சனம் நிறைய. கப்பல் ஏறினது நம்ம மெட்ராஸ் துறையிலேர்ந்தும்தான். அந்த ஜாடியைத் திறந்தா நம்ம வேர்வையும் கொஞ்சம் இருக்கும்.

எங்க பாத்தியில ஏன் பட்டுச்சுன்னும் இப்ப விளங்கியிருக்கும். அந்த மூட்டுக்குக் குளிர்தான் அலாரம். 4, 5 டிகிரிக்குக் கீழ பல வாரம் உறங்கினாத்தான் அடுத்த தழைப்பு. எங்க ஊரு மார்கழி விடியக்காலையில 20 டிகிரி. ஆவடிப் பக்கம் ஒண்ணு ரெண்டு குறையும், அவ்வளவுதான். நம்ம மாநிலத்துல அது நிலைக்கணும்னா நீலகிரி உசரம் வேணும். ஊட்டித் தாவரவியல் தோட்டமே 1840-கள்ல வெள்ளைக்காரங்க சந்தா போட்டு, மலிவா இங்கிலீஷ் காய்கறி கிடைக்கணும்னு ஆரம்பிச்ச காய்த்தோட்டம்தானே. அப்புறம் 1848-ல கியூ தோட்டத்துலேர்ந்து மெக்ஐவர் வந்துதான் அதைப் பூங்கா ஆக்கினாரு.

இப்ப நம்ம ஆளு.

சுக்காங்கீரைக்கு இப்படி எழுத வரலாறு கிடைக்காது. தெலுங்குல சுக்ககூர. எங்க ஊர்ல பாதி வீட்டுல தெலுங்குதான், ஆந்திரா எல்லை அவ்வளவு கிட்ட. சமஸ்கிருதத்துல சுக்ரம்னா புளிப்பு, பேரு அங்கேர்ந்து வந்திருக்கணும். சித்த மருத்துவப் புத்தகத்துல ஒரு இடம் உண்டு. அதோட சரி. 1763-ல நவாப்கிட்டேர்ந்து செங்கல்பட்டு ஜாகீர் கம்பெனி கைக்குப் போனதும் இந்தப் பக்கத்து ஊரு ஊரா ஏரி, கழனி, நெல்லு எல்லாத்துக்கும் கணக்கு எடுத்தாங்க. நெல்லுக்கு வரி உண்டு, கணக்கு உண்டு. கிணத்தடியில வழியுற தண்ணியில பொம்பளைங்க போட்ட ரெண்டு முழக் கீரைப்பாத்தியை எவன் எழுதப் போறான்?

அதனால எனக்குத் தெரிஞ்சது எங்க வீட்டு வரலாறுதான்.

ஆயா விடியக்காலை 3 மணிக்கு எழுந்து கீரை பிடுங்கும். ஈரச்சாக்கு சுத்தி, கூடையைத் தலையில வெச்சு பட்டாபிராம் ஸ்டேஷனுக்கு நடை. அந்த ரயில் பாதை 1856-ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும் போட்ட, தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் பாதை. ராயபுரத்துக்கும் அரக்கோணத்துக்கும் நடுவுல நம்ம அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர். மோர்க்காரி, கீரைக்காரி, பூக்காரி எல்லாம் ஒரே பெட்டி. ருபார்ப் எக்ஸ்பிரஸ் பத்திப் படிச்சப்ப எனக்கு அந்தப் பெட்டிதான் கண்ணுல வந்துச்சு. இறங்கி கொத்தவால்சாவடி. 1996-ல மார்க்கெட்டு கோயம்பேட்டுக்கு மாறினப்ப ஆயா, "இனிமே எனக்கு வழி தெரியாது"ன்னு கூடையைக் கவுத்து வெச்சது. அதுக்கப்புறம் அது மார்க்கெட்டுக்குப் போகவே இல்ல.

எங்க அத்தையை அம்பத்தூர்ல கட்டிக் கொடுத்தாங்க. போறப்ப ஆயா புடவை மடிப்புல சுக்காங்கீரை விதை ஒரு பிடி முடிஞ்சு கொடுத்துச்சு. அப்ப அம்பத்தூர்ல ஏரிப்பாசனக் கழனி. டிஐ சைக்கிள் வந்திருச்சு, டன்லப் வந்திருச்சு. 1964-ல இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். அடுத்த வருஷம் ஆவடியிலேர்ந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிய வந்துச்சு. எங்க ஊரு ஆம்பளைங்க பாதிப்பேர் சைக்கிள்ல ஷிஃப்டுக்குப் போனாங்க. அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எங்க சித்தப்பா வீடு கட்டினது அந்தச் சம்பளத்துலதான். அத்தை வீட்டுக்காரங்க அங்க இருந்த நிலத்தை விட்டுட்டு ஊத்துக்கோட்டைப் பக்கம் போய்ட்டாங்க. விதையும் கூடவே போச்சு.

அது போனது நல்லதாப் போச்சு. 2015 டிசம்பர் மழையில எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. நெல்லு மூட்டை போச்சு, மோட்டார் போச்சு. அம்மா ஒண்ணும் பேசல. நாலாம் நாள் விதை டின்னைத் திறந்து பார்த்தாங்க. சுக்காங்கீரை விதை உள்ளேயே முளைச்சு அழுகி நாறிச்சு. அப்பத்தான் அழுதாங்க. கடையில கேட்டா பாலக் விதை தர்றான். தை மாசம் பைக்கை எடுத்துக்கிட்டு ஊத்துக்கோட்டை போனேன். அத்தைக்கு அப்ப எழுபது தாண்டிடுச்சு. முறத்துல கொட்டிப் புடைச்சு ஒரு டம்ளர் விதை கொடுத்தாங்க. "உங்க ஆயா கொடுத்ததுடா, திருப்பிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்"னாங்க.

வளர்க்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. ஐப்பசி மழை விட்டதும், கார்த்திகையிலேர்ந்து தை வரைக்கும் விதைக்கலாம். விதை காகிதம் மாதிரி ஒரு செவந்த பைக்குள்ள இருக்கும், கையால கசக்கி ஊதிடணும். மணலோட கலந்து தூவி, துடைப்பத்தால லேசா வாரிவிட்டு, பூவாளியில தண்ணி. முப்பது நாப்பது நாள்ல பறிக்கலாம். வேரோட பிடுங்காம அடியில விட்டு அறுத்தா ரெண்டு மூணு வாட்டி தழையும். தொட்டியில நல்லா வரும், மாடி வெச்சிருக்கிறவங்க போடலாம். பங்குனி வெயில்ல பூத்துடும். அதுக்கப்புறம் விதைக்குத்தான்.

துவரம்பருப்பு, பூண்டு, காஞ்ச மிளகாய் போட்டு மண்சட்டியில வேகவெச்சு, மத்தால கடைஞ்சு, வடகம் தாளிச்சா போதும். புளி வேண்டாம். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அரிக்கும். ருபார்ப் மாதிரி இலை விஷம் இல்ல. ஆனா ஆக்ஸாலிக் அமிலம் இருக்கிறதால தினமும் தின்னுறதும் இல்ல. வாரம் ஒரு வாட்டி, மறுசோறு மோர் ஊத்தி. முதல் உலகப்போர்ல பஞ்ச காலத்துக்கு ருபார்ப் இலையையும் தின்னலாம்னு இங்கிலாந்துல சொல்லப்போய் சிலர் செத்தே போனாங்களாம். எங்க அப்பாவுக்கு மூணு வருஷம் முன்னாடி கிட்னியில கல்லு. டாக்டர் சுக்காங்கீரையைச் சுத்தமா நிறுத்தச் சொல்லிட்டாரு. அம்மா கடையுற அன்னைக்கு அப்பா சட்டியைப் பார்த்துக்கிட்டே மோர்சோறு சாப்பிடுவாரு. கல்லு இருக்கிறவங்க ஆசைப்படாதீங்க.

அந்த ஏழு ருபார்ப் தண்டை அம்மா என்ன பண்ணாங்கன்னு சொல்லலியே. சின்னதா நறுக்கி, மாங்காய்ப் பச்சடி மாதிரி வெல்லம் போட்டுக் கிண்டி, கடுகு, வேப்பம்பூ தாளிச்சு ஒரு கிண்ணம். டீச்சரம்மா வந்து தின்னுட்டு பொண்ணுக்கு வீடியோ கால் போட்டாங்க. அடுத்த வாரம் சுக்காங்கீரைத் தண்டுலயும் அதே பச்சடி பண்ணி வெச்சாங்க அம்மா. நார் கொஞ்சம் கூட, ருசியில பெரிய வித்தியாசம் இல்ல. அப்பாவுக்கு ரெண்டும் கிடையாது.

வித்துக் காசாக்குறது வேற கதை. 2020 மே மாசம் கோயம்பேட்டை மூடிட்டு திருமழிசையில தற்காலிக மார்க்கெட் போட்டப்ப, மார்க்கெட்டே எங்க வாசலுக்கு வந்த மாதிரி இருந்துச்சு. டிவிஎஸ் வண்டியில பத்து நிமிஷம். 40 கட்டு சுக்காங்கீரை கொண்டுபோனேன், 25 வித்துச்சு. அரைக்கீரை, சிறுகீரை, பாலக் இருந்தா போடு, இது யாரு வாங்குறாங்கன்னு கேட்டாங்க. வாங்கினதுல பாதி தெலுங்கு வீட்டுக்காரங்க. மயாட் பசங்க கணக்குக்கு எனக்கு மோசமில்ல. யார்க்‌ஷயர்லயே ரெண்டாம் உலகப்போருக்கு முன்னாடி 200 பேருக்கு மேல அந்தக் கொட்டகை வெச்சிருந்தாங்களாம். அப்புறம் கொஞ்சம் குடும்பம்தான் மிச்சம். 2010-ல அவங்க தண்டுக்கு ஐரோப்பாவுல புவிசார் பாதுகாப்பு வாங்கிட்டாங்க.

எங்க கிணத்துக்கு வடக்கே இருந்த கழனியில போன ஆடியில லேஅவுட் கல்லு நட்டாங்க. மஞ்சள் பெயின்ட், நம்பர் 1-லேர்ந்து 64. நம்ம கிணத்துல தண்ணி இன்னும் இருக்கு. எங்ககிட்டயும் கேக்குறாங்க. அப்பா பதில் சொல்லல. நானும் இன்னும் சொல்லல.

இந்தப் பங்குனியில ரெண்டு பாத்தியை அறுக்காம விதைக்கு விட்டேன். செவப்பா காஞ்சு, காத்துல சலசலன்னு இருந்துச்சு. அம்மா மூணு பங்கா பிரிச்சாங்க. ஒண்ணு சாம்பல் கலந்து டின்ல போட்டு பரண் மேல, தண்ணி எட்டாத இடத்துல. ஒண்ணு அண்ணா நகருக்கு. இன்னொண்ணை முடிச்சுப் போட்டு, ஊத்துக்கோட்டைக்கு அத்தை பேரன் கையில கொடுத்து அனுப்பினாங்க.